வேலாயுதனிடம் சொல்லி அனுப்பியது

என் அக்கா ரத்னாபாய் தன் ஐம்பத்தாறாவது வயதில் சவரக்கத்தி தீட்டக் கற்றுக்கொண்டாள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களிடம் நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்குக் கோபம் எப்போதும் ஒரு எட்டு முன்னால் வந்து நிற்கும். இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக ஃபைல் கட்டியும் அது அடங்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தாணுலிங்கம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மிளகாய்வத்தல், மல்லி மொத்தக் கடையில் முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கிட்டங்கிப் பொறுப்பில் இருந்தவர். வீடு கடைக்கு இரண்டு தெரு தள்ளி. கல்யாணம் என்று ஒன்று எனக்கு நடக்காததால் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆகவே இதில் எதையும் நான் காதால் கேட்டுச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தானை எனக்குப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆன பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது. குடித்தாரா, அடித்தாரா என்றால் அதெல்லாம் கிடையாது. பேச மாட்டார். வெந்நீர், சோறு, குடை. இந்த மூன்று வார்த்தையில் ஒரு பகல் ஓடிவிடும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று அக்காவிடம் கேட்பேன். அவள், "அவரு சுபாவம் அப்பிடிட்டி," என்பாள். அறுபத்தெட்டில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து அன்றைக்கே போய்விட்டது. பிறகு உண்டாகவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அந்த மனுஷன் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "காப்பி வேணுமா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை மன்னிக்கவே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வாரத்தில் இரண்டு நாள் பேசுவார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வேலாயுதன் வருவான். சவரம் செய்கிறவன், ஏறக்குறைய அத்தான் வயசு. கத்தி தீட்டுகிற கல்லும் தோல்வாரும் அவன் கொண்டுவருவான். கத்தி மட்டும் அத்தானுடையது. சாலைக் கடையில் வாங்கி, பழைய பவுடர் டப்பாவில் துணி சுற்றி வைத்திருப்பார். தன் முகத்தில் தன் கத்திதான் படவேண்டும். கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சோப்பு நுரை முகத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பிப்பார். வேலாயுதன் "ம்" கொட்டுவான். இடையில் அத்தானின் சிரிப்புக் கேட்கும். ஆண்கள் சவரம் செய்துகொள்ளும் இடத்துக்குப் பெண்கள் போவது வழக்கமில்லை. அக்கா அடுக்களையில் அம்மியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். சத்தம் வரும், வார்த்தை புரியாது.

"அப்பிடி என்னதான்ட்டி பேசுவாங்க?" என்று என்னிடம் கேட்பாள்.

"நீயும் ஒரு கத்திய எடுத்துட்டுப் போய் நில்லு, உங்கிட்டயும் பேசுவாரு," என்று நான் சொல்லியிருக்கிறேன். நான் வாய் வைத்ததுதான் பலித்ததோ என்னவோ.

காய்ச்சலில் படுத்தாலும் அவருக்கு அந்தச் சவரம் தவறக்கூடாது. முப்பது வருஷத்தில் அவர் முகத்தில் ஒரு நாள் வெள்ளை முள் நான் பார்த்ததில்லை. வத்தல் தூசி தாடியில் ஒட்டினால் எரியும், அதனால்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் வேலாயுதன் மஞ்சள்காமாலையில் இறந்தான். அவன் மனைவி சரசம்மா வித்துராவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் பக்கத்துச் சலூனுக்குப் போய் வந்தார். அங்கே அவர் பேசியதாகத் தகவல் இல்லை. கடையிலிருந்து நின்று ஒரு வருஷம் ஆகியிருக்கும், ஒரு நாள் ஆரியசாலை முக்கில் நின்று, முப்பது வருஷம் நடந்த வழி தெரியாமல், போகிற வருகிறவர்களிடம் தாணுலிங்கத்தின் வீடு எது என்று கேட்டிருக்கிறார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து ஒன்றும் பெரிதாக இல்லை என்றார். முதலில் என்னை மறந்தார். அதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அடுத்து அக்காவை மறந்தார்.

இது கொடுமை. அக்கா பக்கத்திலேயே இருப்பாள், சோறு ஊட்டுவாள், இவர் அவளிடமே, "ரத்னா எங்க?" என்று கேட்பார்.

"நான்தாங்க ரத்னா."

"சும்மா இருங்கம்மா," என்பார் மரியாதையாக.

நாளுக்கு நாற்பது தடவை. அக்கா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவரு பழசு ஒண்ணும் நெனைக்க வேண்டாம் செல்லம். என் மொகத்தப் பாத்து ஒரே ஒரு தடவ ரத்னான்னு விளிச்சாப் போரும்." முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்தியவள் கேட்டது அவ்வளவுதான். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அவள் முன்னால் அழுது எனக்குப் பழக்கமில்லை.

தாடி பிரச்சினை அப்போதுதான் வந்தது. சலூனுக்குக் கூட்டிப்போக முடியாமல் ஆனதும் ஷிபின் என்கிற பையனை வீட்டுக்கு வரச் சொன்னோம். அவன் அரை பிளேடைச் செருகிக்கொள்ளும் புதுக் கைப்பிடியோடு வந்தான். அத்தான் அதைப் பார்த்ததுமே அவன் கையைத் தட்டிவிட்டார், தாடையில் கிழித்துவிட்டது. ஷிபின் அந்தப் பக்கமே பிறகு வரவில்லை. நான் ஒரு கல்ஃப்காரி மூலம் மின்சார ரேசர் வாங்கினேன். அதன் சத்தத்துக்கு அவர் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார். தாடி வளர்ந்தது. அவர் ராப்பகலாகச் சொறிந்து சொறிந்து கன்னம் புண்ணாகி, "வேலாயுதன் வரல்லியா? வேலாயுதன் வரல்லியா?" என்று வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தார். டாக்டர், கத்தியே பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தாடி வளர்ந்தால் வளரட்டும் என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு நாள் காலையில் பொன்முடி போகிற பஸ் ஏறினாள். வித்துராவில் இறங்கி, சரசம்மாவைக் கண்டுபிடித்து, வேலாயுதனின் கல்லையும் தோல்வாரையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள்.

"சரசம்மாக்கு தீட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எங்கே தெரியும். அவரு தீட்டும்போ சத்தமே கேக்காதுன்னு மட்டும் சொன்னா."

இதுதான் அவளுக்குக் கிடைத்த முழுப் பாடம்.

முதல் நாள் மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டுவதுபோல முதுகைத் தூக்கிப் பிடித்து, கறகறவென்று தேய்த்தாள். கத்தியின் வாய் பல்லுப்பல்லாகப் போய்விட்டது. பிறகு அவளாகவே யோசித்துச் சாய்த்துப் படுக்கவைத்தாள். முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் பட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. எந்த இடம் கல்லில் படுகிறது, எது படவில்லை என்று அவள் திணறியபோது நான் ஆபீசிலிருந்து ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றுகிற ஊதா மையைக் கொண்டுவந்தேன். கத்தி வாயில் மையைப் பூசித் தீட்டினால், கல் பட்ட இடம் வெளுக்கும், படாத இடத்தில் மை நிற்கும். நுனியில் எப்போதும் மை நின்றது. இருபத்தெட்டு வருஷ சர்க்கார் சேவையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அந்த மை ஒன்றுதான்.

அப்புறம் கத்தி திடீரென்று கல்லில் பிடிக்காமல் போனது. வழுக்கிக்கொண்டு போகும், மை அப்படியே இருக்கும். அக்கா இரண்டு வாரம் ராப்பகல் பாராமல் தேய்த்துத் தோள் வலி கண்டாள். கடைசியில் சரசம்மாவுக்குக் கார்டு போட்டாள். பதில் மலையாளத்தில் நாலு வரி வந்தது: என்ன தடவினீர்கள், எண்ணெயா? அந்தக் கல்லில் அவர் சோப்புத் தண்ணீர் தவிர வேறு எதுவும் பட விட்டதில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலைக்கு, மேலுக்கு, கீல் கிறீச்சிடும் கதவுக்கு, பித்தளை விளக்குக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவி வளர்ந்தவள், கல்லுக்கும் தினம் ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறாள். கல் குடித்துக் குடித்துக் கண்ணாடிபோல ஆகிவிட்டது.

"வேலாயுதன் கல்லுக்கு நீ எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியிருக்க," என்றேன். அவள் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாஷிங் சோடா போட்டுக் கல்லைக் கொதிக்கவைத்து, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று நாள் தேய்த்து எண்ணெயை இறக்கினோம்.

அதற்குப் பிறகு கை வழிக்கு வந்தது. அழுத்தக்கூடாது, கத்தியின் கனமே போதும். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் அதே அளவு. திருப்பும்போது முதுகின் மேலாகத் திருப்ப வேண்டும். கடைசியில் வாரில் இருபது தடவை. சீப்பில் சிக்கிய தன் நரைமுடியைத் தூக்கிப் பிடித்துக் கத்தியில் தொடுவாள். முதலில் முடி வளைந்தது. பிறகு அறுந்தது. இடது முன்கையில் ரோமமே இல்லாமல் ஆக்கிக்கொண்டாள். பழுத்த தக்காளியில் சோப்பு நுரை பூசி, தோல் கீறாமல் நுரையை மட்டும் வழித்துப் பழகினாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தக்காளி ரசம். என்ன கழுவினாலும் கொஞ்சம் சோப்பு வாசம் இருந்தது.

அத்தானின் தம்பி ஒருவர் வந்திருந்தபோது கிணற்றடியில் இதைப் பார்த்துவிட்டு, "நம்ம குடும்பத்துப் பொம்பிளைக்கு இது என்ன வேல?" என்று முகத்தைச் சுளித்தார். அப்படியானால் கத்தியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணனுக்கு நீங்களே பண்ணிவிடுங்கள் என்றேன். ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடியில் முக்காலி போட்டாள். அத்தானைப் பிடித்துக்கொள்ள நானும் சுடுதண்ணீர்ச் செம்போடு நின்றேன். பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாரில் கத்தி போய்வருகிற சத்தம் கேட்டதும் அவராகவே வந்து உட்கார்ந்தார். நுரை ஏறியதும் கண்ணை மூடினார். அக்கா பின்னால் நின்று முதல் இழுப்பு இழுத்தாள். சத்தமே இல்லை. தாடி நுரையோடு வந்தது.

"வேலாயுதா," என்றார் அத்தான். "நீ எங்கலே போயிருந்த இத்தன நாளு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"ம்," என்றாள் அக்கா.

அவர் பேசத் தொடங்கினார். ஐயோ, என்ன பேச்சு. மற்ற நேரம் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர், கத்திக்குக் கீழே கோர்வையாகப் பேசினார். கிட்டங்கியில் பாம்பு வந்தது, முதலாளி வேட்டி அவிழ்ந்தது, எல்லாம். அடுத்தடுத்த வாரங்களில் வீட்டுக் கதையும் வந்தது. ரத்னா வைக்கிற மீன் புளிமுளம் மாதிரி இந்த ஊரில் யாரும் வைக்க முடியாதாம். அவள் நடந்துவருவது கொலுசு இல்லாமலே தனக்குக் கேட்குமாம். அக்கா முகம் வயசுப் பெண்ணின் முகம்போல ஆகிவிடும். "அம்மியை நிறுத்திட்டுக் கேட்டுட்டு நிப்பேனே செல்லம், இதத்தான் பேசியிருக்காரு," என்றாள்.

ஒரு புதன்கிழமை சொன்னார்: "நான் தொட்டில் சங்கிலி வாங்கி வெச்சிருந்தேன்லே. நாலு சங்கிலி, பித்தள. பிள்ளை போனப் பெறவு மல்லி மூட்டைக்குப் பின்னால தூக்கிப் போட்டேன். அவகிட்ட சொல்லிராத. தாங்க மாட்டா. அன்னைக்கு என்ன சொல்லன்னு தெரியாம காப்பி வேணுமான்னு கேட்டேன்." மூடிய கண்ணிலிருந்து நீர் நுரையில் இறங்கியது. அக்கா கத்தியை எடுத்துவிட்டுத் துண்டால் ஒற்றினாள்.  எத்தனை வருஷம் அந்த மனுஷனைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். என் நாக்கை அந்தக் கத்தியால்தான் அறுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அக்காவால் பொறுக்க முடியவில்லை. அவர் ரத்னா, ரத்னா என்று பேசிக்கொண்டே இருக்கும்போது குனிந்து, "நான்தாங்க, ரத்னாதான் நிக்கேன்," என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். திரும்பி அவளைப் பார்த்தார், கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, "யாரும்மா நீங்க? ஆம்பிளைங்க இருக்க எடத்தில," என்று எழுந்தார். அந்த அசைவில் காதோரம் கீறிவிட்டது. மூன்று வாரம் முக்காலியில் உட்காரவே இல்லை. உட்கார்ந்த பிறகும் ஒரு மாதம் பேசவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது, எனக்கும்தான். கத்தி மழுங்கினால் அவர் சிணுங்கி எழுந்துபோவார். கத்தி எத்தனை நன்றாகத் தீட்டப்படுகிறதோ, அத்தனைக்கு அவள் வேலாயுதன். அவள் கை தேறத் தேற ரத்னாபாய் அந்த வீட்டில் இல்லாமல் போனாள். தெரிந்தும் அவள் வாரத்துக்கு இரண்டு தடவை தீட்டினாள். மை வேண்டியிருக்கவில்லை, காதிலேயே அறிந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்று, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை வரப்போகிற புழுக்கம். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குப் போகும்போது அத்தான் கேட்டார்:

"வேலாயுதா, ரத்னாவ எங்கயாவது கண்டியா?"

அக்காவின் கை நின்றது. கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். "ம்ஹும்," என்றாள்.

"கொஞ்ச நாளா காணல்ல. கோவிச்சுட்டுப் போயிருக்கா. நான் தாடி வளத்துட்டேன்லா, அதான். கல்யாணம் ஆன புதுசில ஒருக்கா சொன்னா, முள்ளு குத்துது, இப்பிடி கிட்ட வராதீங்கன்னு. பெறவு நான் முள்ளோட அவகிட்ட போனதே இல்ல. அதுக்குத்தானலே ஒன்ன வாரத்துக்கு ரெண்டு தடவ வரச் சொன்னது. எடையில நீ வராம இருந்துட்ட."

நான் அக்காவைப் பார்த்தேன். அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை, முகத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் விளையாட்டாக ஏதோ ஒரு ராத்திரி சொல்லியிருப்பாள். வத்தல் தூசியாம். நான் கண்டுபிடித்த காரணத்தில் தீயை வைக்க.

"போற வழியில அவளக் கண்டா சொல்லு," என்றார் அத்தான். "ஷேவ் எடுத்தாச்சு, இனி வரலாம்னு சொல்லு. நான் இருக்கேன்னு சொல்லு."

"சொல்லுகேன்," என்றாள் அக்கா. பல மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அவள் பேசிய வார்த்தை. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மிச்சத்தையும் முடித்தாள். படிகாரம் தேய்த்து, முகம் துடைத்து, அவரை முன்னறையில் பிரம்பு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். திரும்பி வந்து கத்தியைக் கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவி டப்பாவில் வைத்தாள். பிறகு முகம் கழுவினாள். பீரோவைத் திறந்து வாடாமல்லி நிறச் சேலையை எடுத்தாள். தலை வாரினாள். பொட்டு வைத்தாள்.

"அக்கா, வேண்டாம்," என்றேன். "நீ பெறவு தாங்க மாட்ட."

"அவரு வரச் சொல்லியிருக்காரு செல்லம்."

பின்வாசல் வழியாகப் போனாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவில் நடந்து வந்தாள். அடுத்த வீட்டுப் பெண் எங்கே விசேஷம் என்று கேட்டதும், இவள் பதில் சொல்லாமல் வந்ததும் ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வேலாயுதன் சொன்னான்," என்றாள். "வந்துட்டேன்."

அத்தான் எழுந்து நின்றார். அவளை நன்றாகப் பார்த்தார், நெற்றியை, சேலையை, மறுபடி முகத்தை.  பகவதியே, அந்த ஒரு வார்த்தை வந்துவிடட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க, இருங்க," என்று அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். "ரத்னா இப்ப வந்துருவா. ஆளு சொல்லிவிட்டிருக்கேன்."

 அக்கா அழவில்லை.  "செரி, நான் இருக்கேன்," என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் வழவழவென்றிருந்த கன்னத்தை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். அவள் அவரைப் பார்த்திருந்தாள். மழை வந்து நின்றது. ஒன்றரை மணிக்கு நான் சோறும் புளிமுளமும் எடுத்து வைத்து அவரைக் கூப்பிட்டேன்.

"அவங்களுக்குப் போடுங்க," என்று அக்காவைக் காட்டினார். "நான் ரத்னா வந்தப் பெறவு சாப்பிடுகேன்."